'பர்க்' என்னும் வினைச்சொல்: எடின்பரோ கொலைகளிலிருந்து பதியப்படாத வழக்குகள் வரை

உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பு வழங்கியது. புகார் வந்தும் காவல் நிலையங்கள் முதல் தகவல் அறிக்கை பதியாமல் விடுவதைக் குறிக்க அந்தத் தீர்ப்பு 'பர்க்கிங்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆள்கிறது. காவல்துறை அதிகாரிகளின் பேச்சிலும், ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரம் வெளியாகும்போது ஆங்கில நாளேடுகள் எழுதும் தலையங்கங்களிலும் இச்சொல் வந்துபோகிறது. பொருள் தெரியாமல் அகராதியைப் புரட்டுபவர் அங்கே காண்பதோ முற்றிலும் வேறொன்று: மூச்சை அடைத்துக் கொல்லுதல், குறிப்பாக உடலில் காயம் தெரியாதபடி கொன்று, பிணத்தை உடற்கூறியல் கூடத்துக்கு விற்றல். மனுவை வாங்கிக்கொண்டு வழக்குப் பதியாமல் இருப்பதற்கும் பிண வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு என்பதை அறிய, 1820களின் ஸ்காட்லாந்துக்குச் செல்ல வேண்டும்.

சொல் இன்று தாங்கும் மூன்று பொருள்கள்

1. ஒருவரின் வாயையும் மூக்கையும் பொத்தி, மார்பின்மீது பாரத்தை ஏற்றி, தடயமின்றிக் கொல்லுதல். பொது ஆங்கிலத்தில் இப்பொருள் வரலாற்றுச் சொல்லாக ஒதுங்கிவிட்டது. தடயவியல் மருத்துவப் பாடநூல்களில் மட்டும் 'பர்க்கிங்' என்ற தலைப்பில் இன்றும் இருப்பதால், இந்திய மருத்துவ மாணவர்கள் இதைப் படித்தே ஆக வேண்டியிருக்கிறது.

2. ஒரு கேள்வியையோ விசாரணையையோ விவாதத்தையோ எழவிடாமல் சத்தமின்றி அமுக்கிவிடுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாடாளுமன்ற ஆங்கிலத்திலும் நாளேட்டு ஆங்கிலத்திலும் பெருவழக்காக இருந்த இப்பொருள், பிரிட்டனில் அருகிப்போய், இந்தியச் சட்ட ஆங்கிலத்தில் எஞ்சி நிற்கிறது.

3. நடந்த குற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டுவிடுதல். இது இந்தியக் காவல்துறை வழக்கு.

மூன்றிலும் செயப்படுபொருள் மாறுகிறது: முதலில் மனிதர், அடுத்து கேள்வி, கடைசியில் குற்றம். சொல்லின் தோற்றம் ஓர் ஆளின் குடும்பப் பெயர் என்றாலும், வினையாகும்போது ஆங்கிலத்தில் பெரும்பாலும் சிறிய எழுத்தில் தொடங்கியே எழுதுகிறார்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது நாடாளுமன்றத்தில் குற்றஞ்சாட்டி வாதாடிய எட்மண்ட் பர்க்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் அவரை இழுத்துப் போடுவது அநியாயம்.

பிணத்துக்கு ஏன் விலை இருந்தது

எடின்பரோ அக்காலத்தில் ஐரோப்பாவின் முன்னணி மருத்துவக் கல்வி மையங்களுள் ஒன்று. பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர் மூன்றாம் அலெக்சாண்டர் மன்றோ. பாட்டன், தந்தை, மகன் என்று ஒரே பதவியில் தொடர்ந்த மரபின் கடைசி ஆள் அவர். அவருடைய வகுப்பைவிடப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனியார் ஆசிரியர்கள் நடத்திய வகுப்புகளில் கூட்டம் அதிகமாக இருந்தது. சர்ஜன்ஸ் சதுக்கத்தில் பாடம் நடத்திய டாக்டர் ராபர்ட் நாக்ஸிடம் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயின்றனர். அறுத்துப் பார்க்க உடல் கிடைக்கும் என்ற உறுதியே இத்தகைய வகுப்புகளுக்கு மாணவர்களை ஈர்த்தது.

உடல் வரும் வழியோ மிகக் குறுகியது. 1752ஆம் ஆண்டின் கொலைச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்களை அறுவைக்கு அளிக்க வழி செய்தது. அதைத் தண்டனையின் மேல் ஒரு தண்டனையாகவே சட்டம் கருதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணவர் எண்ணிக்கை பெருகிய வேகத்துக்குத் தூக்குமேடையால் ஈடுகொடுக்க முடியவில்லை. பற்றாக்குறையைக் கல்லறைத் திருடர்கள் நிரப்பினார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் பிணம் யாருடைய சொத்தும் அல்ல என்பதால், அதை எடுப்பது திருட்டாகாது. பிணத்தைப் போர்த்திய துணியை எடுத்தால்தான் திருட்டு. அனுபவசாலிகள் துணியைக் குழியிலேயே விட்டுவிட்டு உடலை மட்டும் கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்தில் கல்லறையைக் குலைப்பதே தனிக் குற்றம். ஆயினும் வியாபாரம் நிற்கவில்லை. அங்குள்ள பழைய இடுகாடுகளில் சவப்பெட்டியைச் சுற்றிப் பூட்டிய கனத்த இரும்புக் கூடுகளையும் காவல் கோபுரங்களையும் இன்றும் காணலாம்.

இந்தச் சந்தையில் ஒரு விதி இருந்தது: உடல் புதிதாக இருந்தால் விலை அதிகம், எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர் கேட்பதில்லை. பின்னால் நடந்ததெல்லாம் அந்த விதியின் விளைவு என்று சொன்னாலும் மிகையில்லை.

டானர்ஸ் குளோஸ், 1827–1828

வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் இருவரும் அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் யூனியன் கால்வாய் வேலைக்கு வந்தவர்கள். எடின்பரோவின் வெஸ்ட் போர்ட் பகுதியில் டானர்ஸ் குளோஸ் என்ற சந்தில் ஹேரும் அவர் துணைவி மார்கரெட்டும் ஏழைகளுக்கான தங்கும் விடுதி ஒன்றை நடத்தினார்கள். 1827 நவம்பர் இறுதியில் அங்கே தங்கியிருந்த டொனால்ட் என்ற முதிய ஓய்வூதியர், நான்கு பவுண்டு வாடகை பாக்கி வைத்துவிட்டு இயல்பாக இறந்துபோனார். பாக்கியை ஈடுகட்ட, சவப்பெட்டியில் மரப்பட்டைகளை நிரப்பி அடக்கத்துக்கு அனுப்பிவிட்டு, உடலை இருவரும் நாக்ஸின் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். 7 பவுண்டு 10 ஷில்லிங் கிடைத்தது.

இந்த முதல் விற்பனையில் கொலை இல்லை. கல்லறையைத் தோண்டவும் இல்லை. பர்க்கும் ஹேரும் கல்லறைத் திருடர்கள் என்று பல இடங்களில் எழுதப்படுவது தவறு. அவர்கள் ஒரு கல்லறையையும் தொடவில்லை. சாவுக்காகக் காத்திருப்பதைவிடச் சாவை உண்டாக்குவது எளிது என்ற முடிவுக்கு 1828இன் தொடக்கத்தில் வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 31 வரை 16 பேர் கொல்லப்பட்டனர். உடல் ஒன்றுக்கு எட்டு முதல் பத்து பவுண்டு வரை கிடைத்தது.

கொல்லப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். விடுதிக்கு வந்த வழிப்போக்கர்கள், பழம்பொருள் பொறுக்கி வாழ்ந்த பெண்கள், பிச்சை எடுத்தவர்கள், உறவு தேடி அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். காணவில்லை என்று தேடவோ, தேடினாலும் கேட்கவைக்கவோ ஆளில்லாதவர்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இந்த வழக்கத்தை மீறி, ஊரே அறிந்த ஜேம்ஸ் வில்சன் என்ற மனவளர்ச்சி குன்றிய இளைஞரைக் கொன்றபோது, அவருடைய முகத்தை நாக்ஸின் மாணவர்கள் சிலர் அடையாளம் கண்டதாகச் சொல்லப்படுகிறது. நாக்ஸ் மறுத்துவிட்டார், அறுவை தொடர்ந்தது.

கடைசியாகக் கொல்லப்பட்டவர் மார்ஜரி டோஹர்ட்டி என்ற அயர்லாந்துப் பெண். பர்க்கின் வீட்டில் தங்கியிருந்த கிரே தம்பதியர் வைக்கோலுக்கு அடியில் அவருடைய உடலைக் கண்டார்கள். பேசாமல் இருப்பதற்கு வாரம் பத்து பவுண்டு தருவதாக ஆசை காட்டியும் மசியாமல் காவலரிடம் போனார்கள். இந்த வரலாற்றில் பாராட்டத்தக்க செயலைச் செய்த மிகச் சிலருள் அவர்கள் இருவரும் அடங்குவர். வினைச்சொல் ஆகும் பெருமை என்னவோ அவர்களுக்குக் கிட்டவில்லை.

காயமற்ற உடலும் அப்ரூவரான கூட்டாளியும்

கொல்லும் முறை ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. விஸ்கி கொடுத்து மயக்கிய பின், ஒருவர் மேலே படுத்து உடலை அசையவிடாமல் அழுத்த, மற்றவர் வாயையும் மூக்கையும் பொத்துவார். கத்தி, கயிறு, நஞ்சு எதுவும் கிடையாது. கழுத்தை நெரித்தால் விரல் பதிவும் கயிற்றுத் தடமும் விழும். இந்த முறையில் மூச்சுக்காற்றும் போகாது, மார்புக்கூடும் விரியாது. வெளியே தெரியும் காயமோ மிகக் குறைவு. குடிபோதையில் இருப்பவரும் முதியவரும் போராடுவதும் குறைவு என்பதால், கைகலப்பின் அடையாளங்களும் அவ்வளவாக இரா. சிதையாத உடலுக்குத்தான் கூடத்தில் நல்ல விலை என்பது இதற்கான வணிகக் காரணம். காயமற்ற உடலைப் பார்த்து யாரும் ஐயப்பட மாட்டார்கள் என்பது பாதுகாப்புக் காரணம்.

இதன் சட்ட விளைவு உடனே தெரிந்தது. டோஹர்ட்டியின் உடலை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன், அக்காலத்தின் பெயர்பெற்ற சட்ட மருத்துவ அறிஞர். இறந்த பிறகு உடலில் ஏற்படும் கன்றலுக்கும் உயிருள்ளபோது ஏற்படும் கன்றலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதனை செய்து பார்த்தவர். அவராலும் மூச்சடைப்புக் கொலையாக இருக்கக்கூடும் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மற்ற 15 உடல்களோ அறுக்கப்பட்டு இல்லாமலே போய்விட்டன. மருத்துவச் சான்று கைகொடுக்காத நிலையில், அரசுத் தலைமை வழக்குரைஞர் சர் வில்லியம் ரே ஹேருக்கு மன்னிப்பளித்து அவரை அப்ரூவர் ஆக்கினார்.

விசாரணை 1828 டிசம்பர் 24 காலையில் தொடங்கி இரவெல்லாம் நடந்து கிறிஸ்துமஸ் காலையில் முடிந்தது. பர்க் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அவருடைய துணைவி ஹெலன் மெக்டூகல் மீதான குற்றம் ஸ்காட்லாந்துக்கே உரிய 'நிரூபணமாகவில்லை' என்ற தீர்ப்பில் முடிந்தது. 1829 ஜனவரி 28 அன்று லான்மார்க்கெட்டில் பெருங்கூட்டத்தின் நடுவே பர்க் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பில் கூறியபடி அவருடைய உடல் பல்கலைக்கழகத்தில் மன்றோவால் அறுக்கப்பட்டது. எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. வில்சனின் தாய் தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடர முயன்றும் நீதிமன்றம் ஏற்காததால், ஹேர் பிப்ரவரி 5 அன்று விடுதலையாகித் தெற்கே போய்விட்டார். நாக்ஸ்மீது வழக்கே இல்லை. அவருடைய கொடும்பாவியை மட்டும் மக்கள் கொளுத்தினார்கள்.

பெயர் வினையான விதம்

தூக்குமேடையைச் சூழ்ந்திருந்த கூட்டம் 'அவனுக்குக் கயிறு வேண்டாம், அவனை பர்க் செய்' என்ற பொருளில் கூச்சலிட்டதாக அன்றைய நாளேடுகள் எழுதின. ஆக, இச்சொல் வினையாகப் பதிவான மிகப் பழைய இடங்களுள் ஒன்று, அதன் பெயருக்கு உரியவர் சாகும் தருணமே. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் 1880இல் ஊர் விலக்கத்துக்கு ஆளான காப்டன் பாய்காட்டின் பெயரும் இதேபோல உடனடியாக வினையானதுதான். ஆனால் அங்கே செய்தவர்கள் மக்கள், செய்யப்பட்டவர் பாய்காட். இங்கே செய்தவரின் பெயரே செயலுக்கு ஆயிற்று.

சொல் எவ்வளவு விரைவாக விரிந்தது என்பதற்கு லண்டன் சான்று. 1831 நவம்பரில் ஜான் பிஷப், தாமஸ் வில்லியம்ஸ், ஜேம்ஸ் மே ஆகியோர் ஒரு சிறுவனின் உடலைக் கிங்ஸ் கல்லூரிக்கு விற்க வந்தபோது, அங்கிருந்த உடற்கூறியலாளர் ரிச்சர்ட் பார்ட்ரிஜ் ஐயப்பட்டுக் காவலரை வரவழைத்தார். மூச்சைப் பொத்துவது இவர்களுடைய முறையன்று. அபினிச் சாறு கலந்த ரம் கொடுத்து மயக்கிக் கிணற்றில் தலைகீழாக இறக்கினார்கள். இருந்தும் இவர்களை 'லண்டன் பர்க்கர்கள்' என்றே உலகம் அழைத்தது. பிணத்துக்காகச் செய்யும் எந்தக் கொலைக்கும் அப்பெயர் பொருந்தத் தொடங்கிவிட்டது. பிஷப்பின் பெயரையும் 'நீரில் மூழ்கடித்துக் கொல்லுதல்' என்ற வினையாக்கிப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. பிஷப் என்றால் ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஆயர் என்று பொருள் இருக்கிறது. கொலைக்கு அச்சொல்லை விட்டுக்கொடுக்க மொழி உடன்படவில்லை என்றே தோன்றுகிறது.

லண்டன் வழக்கு சட்டத்தையும் நகர்த்தியது. ஹென்றி வார்பர்ட்டன் கொண்டுவந்த மசோதா 1829இல் பிரபுக்கள் அவையைத் தாண்டவில்லை. அவர் மீண்டும் கொண்டுவந்த மசோதா 1832இல் உடற்கூறியல் சட்டமாயிற்று. கொலையாளிகளை அறுப்பது நின்றது. ஏழைகள் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இறந்து உரிமைகோர ஆளில்லாத உடல்கள் கூடங்களுக்குச் சென்றன. கொலைச் சந்தை ஒழிந்தது உண்மை. ஆனால் கொலையாளிக்கு விதித்த தண்டனையை ஏழைக்கு மாற்றிவிட்டார்கள் என்று அன்றே எழுந்த எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது. உரிமைகோரப்படாத உடல் என்ற இந்த அடிப்படையை இந்திய மாநிலங்களின் உடற்கூறியல் சட்டங்களும் பின்பற்றின. தமிழ்நாட்டில் உள்ளது 1951ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆளை விட்டு விஷயத்துக்கு

1830களிலேயே இச்சொல் உருவகமாகிவிட்டது. புத்தகத்தை வெளிவருமுன் அமுக்குவதும், அவையில் ஒரு தீர்மானத்தை விவாதத்துக்கே வராமல் செய்வதும் 'பர்க்' செய்தலாயின. தடைசெய்தல், நிராகரித்தல் போன்ற சொற்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். தடை என்பது வெளிப்படையான செயல். உத்தரவு இருக்கும், எதிர்த்து முறையிடலாம். பர்க் செய்யப்பட்ட விஷயத்தில் முறையிடுவதற்கு உரிய ஆவணமே இருக்காது. தமிழில் 'அமுக்கிவிட்டார்கள்' என்கிறோமே, அந்த வழக்கே இதற்கு மிக அருகில் வருகிறது.

காவல் நிலையத்தில்

இந்தியக் காவல்துறை ஆங்கிலத்தில் இச்சொல் நிலைத்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். விசாரித்த வழக்கைக் கெடுப்பது ஒன்று. வழக்கே இல்லாமல் செய்வது இன்னொன்று. முன்னதில் கோப்பு இருக்கும், மேலதிகாரியும் நீதிமன்றமும் அதைத் திறந்து பார்க்கலாம். பின்னதில் ஏட்டளவில் குற்றமே நடக்கவில்லை. இது நடக்கும் வழிகள் சில:

1. புகாரை வாங்க மறுத்தல், அல்லது எல்லை வேறு என்று கூறி வேறு நிலையத்துக்கு அலையவிடுதல்.

2. மனுவைப் பெற்றுக்கொண்டு முதல் தகவல் அறிக்கை பதியாமல் இழுத்தடித்தல். தமிழ்நாட்டில் மனு பெற்றதற்கு அடையாளமாகத் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீதைப் பலர் எஃப்.ஐ.ஆர். என்றே எண்ணிவிடுகிறார்கள். அது மனு வந்ததற்கான சான்று மட்டுமே. வழக்குப் பதிவானதற்கான சான்று அன்று.

3. இரு தரப்பையும் நிலையத்தில் உட்காரவைத்துச் சமரசம் பேசி அனுப்பிவிடுதல்.

4. வழிப்பறியைச் சாதாரணத் திருட்டாகவோ, திருட்டைப் பொருள் தொலைந்ததாகவோ குறைத்துப் பதிதல். காவல்துறை வழக்கில் இது 'மினிமைசேஷன்' என்று பிரித்துச் சொல்லப்படுகிறது. பர்க்கிங்கின் தம்பி என்று கொள்ளலாம்.

காரணங்கள் எல்லாம் ஊழல் அல்ல. பதிந்த ஒவ்வொரு வழக்கும் விசாரணை, சாட்சி, இறுதி அறிக்கை, நீதிமன்ற வாய்தா என்று ஆள்பலம் குறைந்த நிலையத்தின்மேல் சுமையாக விழுகிறது. அதைவிட முக்கியமானது எண்ணிக்கை. சென்ற ஆண்டைவிடக் குற்றம் கூடியதா குறைந்ததா என்று மேலிருந்து கேட்கும் வரை, கீழே எளிதாகக் குறைக்கக்கூடியது குற்றம் அல்ல, பதிவுதான். செல்வாக்கும் சாதியும் பணமும் இதன்மேல் வந்து சேருகின்றன. யாருடைய புகார் பதியப்படாமல் போகிறது என்று பார்த்தால், டானர்ஸ் குளோஸில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் போலவே, திரும்பி வந்து கேட்க ஆள் துணையில்லாதவர்களுடையதே முதலில் போகிறது.

லலிதா குமாரி வழக்கே அப்படித் தொடங்கியதுதான். சிறுமி ஒருவர் கடத்தப்பட்டதாக அளித்த புகாரில் காவல்துறை நடவடிக்கை எடுக்கவில்லை என்று அவர் தந்தை உச்ச நீதிமன்றம் வரை சென்றார். தலைமை நீதிபதியாக இருந்த, ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு தெளிவாகச் சொன்னது: பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததைத் தகவல் வெளிப்படுத்தினால், முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும், அதிகாரிக்கு விருப்புரிமை இல்லை. குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவ அலட்சியம், ஊழல், காரணமின்றி மிகத் தாமதமாக வரும் புகார் போன்றவற்றில் மட்டும், காலவரம்புக்குட்பட்ட ஆரம்பக்கட்ட விசாரணைக்கு இடம் உண்டு. 2012இல் நாட்டில் ஏறத்தாழ 60 லட்சம் குற்றங்கள் பதிவாகியிருக்க, பர்க் செய்யப்படுபவையும் அதே அளவில் இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. இது எண்ணி அறிந்த தொகையன்று, மதிப்பீடே. மேற்கோள் காட்டுபவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்), பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவின் இடத்தில் 173ஆம் பிரிவை வைத்துள்ளது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியிலும் தரலாம். மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். நிலையம் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், அதற்கும் மேல் குற்றவியல் நடுவர் என்று முறையீட்டு வழியும் உண்டு. பாலியல் குற்றங்கள் உள்ளிட்ட சில குற்றங்களில் தகவலைப் பதியத் தவறும் அரசு ஊழியருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 199ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. அதேவேளை, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாள் ஆரம்ப விசாரணை நடத்த 173ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இடமளிக்கிறது. 2013 தீர்ப்பு அடைத்த கதவை இது ஓரளவு திறந்துவிட்டது என்ற விமர்சனம் புறந்தள்ளத்தக்கதல்ல.

புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வந்ததும், எந்த மாநிலத்தில் குற்றம் அதிகம் என்ற பட்டியல்கள் சமூக ஊடகங்களில் சுற்றத் தொடங்குகின்றன. குற்றம் அதிகரிப்பதும் குற்றப் பதிவு அதிகரிப்பதும் வெவ்வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. பதிவை எளிதாக்கும் மாநிலத்தில் எண்ணிக்கை ஏறும். பர்க் செய்யும் மாநிலம் அமைதிப் பூங்காவாகத் தெரியும். எனவே மாநிலங்களை ஒப்பிட விரும்புபவர்கள் பர்க் செய்வதற்குக் கடினமான குற்றங்களை முதலில் பார்ப்பது நல்லது. கொலையில் உடல் கிடைத்துவிடுகிறது. வாகனத் திருட்டில் முதல் தகவல் அறிக்கை இல்லாமல் காப்பீட்டுத் தொகை கிடைப்பது கடினம். இவ்விரண்டின் எண்ணிக்கையும் உண்மை நிலவரத்துக்குப் பிறவற்றைவிட நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். கொலை வீதம் உயர்ந்தும் அடிதடி, கொடுங்காய வழக்குகள் மிகக் குறைந்தும் காணப்படும் பகுதியில், முதலில் பார்க்க வேண்டியது அங்குள்ள காவல் நிலையங்களின் மனு ஏடுகளை.